டூரிங் பைக்குக்கு மாற்றுக் கேம்ஷாஃப்ட்: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

ஹார்லி-டேவிட்சன் டூரிங் வண்டிக்குக் கேம் மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இதில் லிஃப்ட் எவ்வளவு?" என்பதைத்தான். வால்வ் எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதுதான் லிஃப்ட். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இன்டேக் வால்வ் எத்தனை டிகிரியில் மூடுகிறது?" அதாவது, கலவையை உள்ளே விடும் வால்வ் கிராங்க் சுற்றில் எந்தக் கோணத்தில் மூடுகிறது என்பது. பின்னால் ஒருவர், பெட்டிகள் நிறையச் சாமான், மேட்டுச் சாலை, கடைசி கியர். டூரிங் வண்டி செய்கிற வேலை இதுதான். இந்த வேலைக்கு ஒரு கேம் பொருந்துமா என்பதை லிஃப்ட் எண் சொல்லாது. மூடும் கோணம் ஏறக்குறையச் சொல்லிவிடும்.

புதிதாக வருபவர்களுக்காக எழுதுவதால் அடிப்படையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அதன் மேடு லிஃப்டரைத் தூக்க, லிஃப்டர் புஷ்ராடைத் தூக்க, புஷ்ராட் ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது. வால்வ் எப்போது திறக்கும், எவ்வளவு திறக்கும், எப்போது மூடும் என்பதெல்லாம் அந்த மேட்டின் வடிவத்தில் இருக்கிறது.

படி 1: உங்கள் என்ஜின் எது என்று உறுதி செய்யுங்கள்

டூரிங் வண்டிகளில் இன்று கேம் மாற்றப்படும் என்ஜின்கள் பெரும்பாலும் மூன்று வகை.

1999 முதல் 2006 வரை வந்த ட்வின் கேம் 88. 1,450 சி.சி., இரண்டு கேம்கள். கேம் செயினை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங் வைத்த டென்ஷனர். கேம்களின் வெளிமுனையில் தனி பேரிங்குகள் உண்டு.

2007 முதல் 2016 வரையிலான ட்வின் கேம். முதலில் 96 கன அங்குலம், அதாவது 1,584 சி.சி.; பிறகு 103, அதாவது 1,690 சி.சி. இதிலும் இரண்டு கேம்தான். ஆனால் டென்ஷனர் ஹைட்ராலிக், செயின் ரோலர் வகை, வெளிமுனை பேரிங் இல்லாமல் கேம்கள் நேராக சப்போர்ட் பிளேட்டிலேயே சுற்றும்.

2017 மாடலில் இருந்து மில்வாக்கி-எய்ட். ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வ், ஆனால் எல்லா வேலையையும் ஒரே கேம் பார்த்துக்கொள்கிறது. 107, 114, 117 கன அங்குல அளவுகளில் வந்தது.

ஒன்றின் கேம் இன்னொன்றில் உட்காராது. பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2006 வரையிலான என்ஜினில் யாராவது ஹைட்ராலிக் டென்ஷனர் பிளேட் போட்டிருக்கலாம். அப்படியானால் அதற்கேற்ற கேம்தான் பொருந்தும். வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்கினால் தவறான பெட்டிதான் வீட்டுக்கு வரும். கேம் கவரைத் திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பது நல்லது.

படி 2: எந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

நீங்கள் ஓட்ட ஆசைப்படும் ஆர்.பி.எம். இங்கே கணக்கில் வராது. நிஜமாக ஓட்டுவதுதான் கணக்கு. அடுத்த சில பயணங்களில் டேக்கோமீட்டரைக் கவனியுங்கள். ஆறு கியர் டூரிங் வண்டி நெடுஞ்சாலையில் பெரும்பாலும் 2,200 முதல் 3,000 வரைதான் சுற்றும். ஓவர்டேக் செய்யும்போது 3,500 அல்லது 4,000. ஐந்தாயிரத்தைத் தொடுவது எப்போதாவதுதான். கடைக்காரர் காட்டும் டைனோ தாளில் (பவரையும் டார்க்கையும் இயந்திரத்தில் அளந்து வரைந்த தாள்) 5,500 ஆர்.பி.எம்.மில் இருக்கும் உச்ச பவரைப் பார்த்து மயங்காமல், 2,500க்கும் 4,000க்கும் நடுவில் டார்க் (இழுவை) கோடு எங்கே போகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். சில தாள்களில் கோடே 2,500க்கு மேல்தான் தொடங்கும். அந்த கேமை விற்பவருக்கு அதற்குக் கீழே காட்ட விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: இன்டேக் மூடும் கோணமும் கம்ப்ரஷனும்

இந்தப் படிதான் முக்கியம், கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வ் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமான சுற்றில் இது லாபம்: உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும் கலவை தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே நுழைந்துவிடும். மெதுவான சுற்றில் நஷ்டம்: கலவைக்கு அந்த வேகம் இருக்காது, ஏறி வரும் பிஸ்டன் அதில் ஒரு பங்கை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். வால்வ் மூடிய பிறகுதான் உண்மையான கம்ப்ரஷன் தொடங்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 96 என்ஜினின் ஸ்ட்ரோக் 111.1 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 9.2. பிஸ்டன் இறங்கித் திரும்பும் கீழ்முனைக்குப் பிறகு கிராங்க் 30 டிகிரி சுற்றியதும் இன்டேக் வால்வ் மூடினால், அதற்குள் பிஸ்டன் சுமார் 5.5 மி.மீ. ஏறியிருக்கும், என்ஜினுக்கு உண்மையில் கிடைக்கும் விகிதம் சுமார் 8.8. அதே என்ஜினில் 40 டிகிரியில் மூடும் கேமைப் போட்டால் பிஸ்டன் ஏறக்குறைய 9.7 மி.மீ. ஏறிவிடும், விகிதம் 8.5க்கு இறங்கும். 50 டிகிரி என்றால் 15 மி.மீ., விகிதம் 8.1. வெளியே எதுவும் மாறவில்லை, பிஸ்டனும் ஹெட்டும் அதேதான், ஆனால் கீழ் ஆர்.பி.எம். இழுவை கரைந்துவிட்டது. "பெரிய கேம் போட்டேன், கிளம்பும்போது பழைய வண்டியே தேவலை போல இருக்கிறது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

இதையே திருப்பிப் போட்டால், கம்ப்ரஷன் 10.5 உள்ள என்ஜினில் 50 டிகிரி கேம் போட்டாலும் உண்மையான விகிதம் 9.2 வரை நிற்கும். ஆக, தாமதமாக மூடும் கேம் கெட்ட கேம் இல்லை. அதற்குக் கம்ப்ரஷன் வேண்டும், அவ்வளவுதான். கேமை மட்டும் மாற்றுபவர், பிஸ்டனும் ஹெட்டும் மாற்றி முழு என்ஜின் கட்டியவரின் கேமை வாங்கக் கூடாது.

என் கணிப்பு இது: ஹெட்டைத் தொடாமல், கம்பெனி கம்ப்ரஷனோடு ஓடும் ட்வின் கேம் டூரிங் வண்டிக்கு 30 முதல் 38 டிகிரிக்குள் மூடும் கேம் போதும். 88 என்ஜினின் கம்ப்ரஷன் 8.9தான், அதற்கு இந்த வரம்பின் கீழ்ப் பக்கமே சரி. 40ஐத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் கம்ப்ரஷனை 10க்குப் பக்கம் கொண்டுபோங்கள்.

சீக்கிரம் மூடுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. கம்ப்ரஷன் ஏற்கெனவே அதிகமாக உள்ள என்ஜினில் ரொம்பச் சீக்கிரம் மூடும் கேமைப் போட்டால், வெயிலில், சுமையோடு, குறைந்த ஆர்.பி.எம்.மில் மேடு ஏறும்போது நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் ஓசை) வரும். ஸ்டார்ட்டரும் திணறும். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கையில் 200 பி.எஸ்.ஐ.யை நெருங்கினால் பலரும் அதை எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைத்துவிடும் தானியங்கி கம்ப்ரஷன் ரிலீஸ் உள்ள என்ஜினில் அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இல்லாவிட்டால் கேஜ் குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

படி 4: கேமோடு வரும் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு கற்பனைக் கேமை எடுத்துக்கொள்வோம். இன்டேக் மேல்முனைக்கு 10 டிகிரி முன்பு திறந்து, கீழ்முனைக்கு 30 டிகிரி பின்பு மூடுகிறது. நடுவில் ஒரு முழு ஸ்ட்ரோக் 180. கூட்டினால் டியூரேஷன், அதாவது வால்வ் திறந்திருக்கும் கோணம், 220. எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வ் கீழ்முனைக்கு 45 டிகிரி முன்பு திறந்து, மேல்முனைக்கு 5 டிகிரி பின்பு மூடினால் அதன் டியூரேஷன் 230.

இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பகுதி ஓவர்லேப். இங்கே 10ம் 5ம் சேர்ந்து 15 டிகிரி. ஓவர்லேப் கூடக்கூட ஐடிலிங் தடதடக்கும். அந்தத் தடதடப்புச் சத்தத்துக்காகவே கேம் வாங்குபவர்கள் உண்டு, அது அவரவர் ஆசை. ஆனால் நாள் முழுக்க ஓட்டும் வண்டியில் அதிக ஓவர்லேப் என்றால் மெதுவான வேகத்தில் குலுக்கல், கூடவே எரிபொருள் செலவு. திறந்த குழாய் சைலன்சரோடு சேர்ந்தால் எரிந்த வாயு திரும்பி உள்ளே வந்து, 2,500 பக்கம் டார்க் கோட்டில் பள்ளம் விழும். இரண்டு குழாய்களும் ஒன்றாகச் சேரும் எக்ஸாஸ்ட் நடு ஆர்.பி.எம்.முக்குப் பொதுவாக ஒத்துவரும்.

லோப் சென்டர், அதாவது கேம் மேட்டின் உச்சி வரும் கோணம்; அதன் கணக்கும் இதே எண்களில் இருக்கிறது. இன்டேக் டியூரேஷனில் பாதி 110, அதில் திறக்கும் 10ஐக் கழித்தால் 100. எக்ஸாஸ்டுக்குப் பாதி 115, அதில் 5ஐக் கழித்தால் 110. இரண்டின் சராசரி 105 டிகிரி, அதுதான் லோப் செபரேஷன், இரண்டு மேடுகளின் உச்சிகளுக்கும் இடையிலான கோணம்.

ஒரு எச்சரிக்கை. இந்த என்ஜின்களின் கேம் எண்கள் வழக்கமாக வால்வ் பக்கம் கணக்காகாமல், லிஃப்டர் 0.053 அங்குலம், அதாவது 1.35 மி.மீ. எழுந்த இடத்தில் அளக்கப்படுகின்றன. கார் கேம்களில் 0.050. சிலர் வால்வ் இருக்கையைவிட்டு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்த எண்ணை விளம்பரத்தில் போடுவார்கள், அது ரொம்பப் பெரிதாகத் தெரியும். இரண்டு கேமை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவுகோலில்தானா என்று பாருங்கள்.

படி 5: லிஃப்ட், அதைத் தாங்கும் ஸ்பிரிங்

லிஃப்ட் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அது வேறு கேள்விக்குப் பதில்: உங்கள் ஹெட்டைத் திறக்காமல் இந்தக் கேமைப் போட முடியுமா?

சில கேம்களின் பெயரிலேயே லிஃப்ட் இருக்கும். எஸ்&எஸ் நிறுவனத்தின் 509, 551, 585 என்ற பெயர்கள் ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் லிஃப்டைத்தான் குறிக்கின்றன; 509 என்றால் 0.509 அங்குலம், ஏறக்குறைய 12.9 மி.மீ. வால்வ் அதிகமாகத் திறந்தால் ஸ்பிரிங் அதிகமாக அமுங்கும். ஒரு கட்டத்தில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும், அல்லது மேலே உள்ள ரிடெய்னர் வால்வ் சீலில் இடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் வளைவது புஷ்ராட்.

ட்வின் கேமில் 2004 வரையிலான ஹெட்டுகளுக்கு 0.510 அங்குலம் வரை, 2005 முதல் வந்த, மேலே குறுகும் ஒற்றை ஸ்பிரிங் ஹெட்டுகளுக்கு 0.550 வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. மில்வாக்கி-எய்ட்டில் 0.475 வகைக் கேம்கள் கம்பெனி ஸ்பிரிங்கோடே ஓடும். எதுவானாலும் இறுதிச் சொல் கேம் தயாரித்தவரின் தாள். அதில் "ஸ்பிரிங் மாற்ற வேண்டும்" என்றிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஹெட்டைச் சீவியிருந்தாலோ உயரமான பிஸ்டன் போட்டிருந்தாலோ, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை பிஸ்டன் மேல் களிமண் வைத்து அளந்து பார்க்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். குறைந்தது 0.060 அங்குலம், அதாவது ஒன்றரை மி.மீ. வேண்டும்.

முதல் முறை செய்பவருக்கு என் பரிந்துரை, ஹெட்டைத் தொடாமல் போடக்கூடிய கேம். டூரிங் வண்டி ஓட்டுபவருக்கு அதிலேயே வேண்டியது கிடைத்துவிடும்.

படி 6: செயினா, கியரா?

ட்வின் கேமுக்குக் கியரால் ஓடும் கேம் செட்டும் உண்டு. டென்ஷனர் தேயும் கவலை இருக்காது, அந்தக் கியர் ஒலியைப் பிடித்தவர்களும் உண்டு. ஆனால் கிராங்கின் பினியன் ஷாஃப்ட் (கேம்களை ஓட்டும் பக்கத்து முனை) நேராக ஓட வேண்டும். டயல் இண்டிகேட்டர் வைத்துப் பார்த்தால் ஆட்டம் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இந்தக் கிராங்குகள் அழுத்திப் பொருத்தப்பட்டவை, அதனால் எல்லா வண்டியிலும் அந்த நேர்த்தி இருக்காது. அளக்காமல் கியர் செட் வாங்காதீர்கள். செயின் இந்தச் சிறு ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும், கியர் பொறுக்காது. ஹைட்ராலிக் டென்ஷனர் உள்ள என்ஜினில் செயினே போதும் என்பது என் எண்ணம்.

படி 7: கேமோடு சேர்த்து வாங்க வேண்டியவை

கேம் மட்டும் வாங்கி வேலையைத் தொடங்கினால் நடுவில் வண்டி கழன்றபடியே நிற்கும். உள்ளே உள்ள நீடில் பேரிங்குகள், லிஃப்டர்கள், கேம் கவர் கேஸ்கெட், எல்லா ஓ-ரிங்குகளும் கட்டாயம். பழைய பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவைக்க வேண்டாம். அதை மாற்ற மறுபடி இவ்வளவும் கழற்ற வேண்டும், அது உடைந்தால் ஊசிகள் கிராங்க் கேஸுக்குள் போகும்.

1999–2006 என்ஜின் என்றால் டென்ஷனர் ஷூக்களை (செயினில் உரசும் பிளாஸ்டிக் பட்டைகள்) எந்த நிலையில் இருந்தாலும் மாற்றுங்கள். அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்து துகள்கள் ஆயில் பம்புக்குள் போவது இந்த என்ஜினின் பேர்போன வியாதி. வசதி இருந்தால் ஹைட்ராலிக் பிளேட்டும் புது ஆயில் பம்பும் போட்டுவிட இதுதான் நேரம். எந்த ஆண்டு என்ஜினானாலும் பழைய சப்போர்ட் பிளேட்டில் கிராங்க் முனை ஓடும் துளை கீறியிருந்தால் அந்தப் பிளேட் வேண்டாம். ஆயில் பிரஷர் நிற்காது.

அப்புறம் புஷ்ராட். மாற்றுக் கேம்களில் பலவற்றின் அடிவட்டம் (மேடு இல்லாத வட்டப் பகுதி) கம்பெனி கேமைவிடச் சிறியது, அதனால் பழைய புஷ்ராட் குட்டையாகிவிடும். நீளத்தைச் சரிசெய்யக்கூடிய புஷ்ராட் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: பழைய புஷ்ராட்களை போல்ட் கட்டரால் வெட்டி எடுத்துவிடலாம், டேங்கையும் ராக்கர் பாக்ஸையும் கழற்ற வேண்டாம். கொஞ்சம் காட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் எல்லோரும் செய்வதுதான்.

படி 8: பொருத்தும்போது தவறு நடக்கும் இடங்கள்

முழு வேலையையும் சர்வீஸ் மேனுவலை வைத்துக்கொண்டு செய்யுங்கள். போல்ட்டுகளை இறுக்கும் டார்க் அளவுகளை அதில் உள்ளபடியே போடுங்கள். இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பிராக்கெட் புள்ளிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனால் வால்வ் பிஸ்டனில் இடிக்கலாம். கிராங்க் ஸ்பிராக்கெட்டும் பின் கேம் ஸ்பிராக்கெட்டும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நேரான பட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்பேசரை மாற்ற வேண்டும். ஆயில் பம்ப் போல்ட்டுகளை லேசாக வைத்து, கிராங்கைச் சுற்றிப் பம்பை நடுவில் உட்கார வைத்து, பிறகுதான் இறுக்க வேண்டும்.

புஷ்ராட் அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பின் சக்கரத்தைத் தூக்கி, கடைசி கியரில் போட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு சிலிண்டர் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல்முனைக்கு வரட்டும். அப்போது அதன் இரண்டு லிஃப்டர்களும் கேமின் தாழ்வான பக்கத்தில் இருக்கும். ட்வின் கேமில் எக்ஸாஸ்ட் புஷ்ராட்தான் நீளமானது, இடம் மாற்றிவிடாதீர்கள். விரலால் நீட்டிக்கொண்டே வந்தால் மேல்-கீழ் ஆட்டம் முழுசாகப் போகும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து, தயாரித்தவர் சொன்ன சுற்றுகள்.

"எல்லோரும் நான்கு சுற்று வைக்கிறார்கள்" என்று கேட்டு அப்படியே வைக்கக் கூடாது. புஷ்ராட் மரையைப் பொறுத்தது அது. அங்குலத்துக்கு 24 மரை என்றால் ஒரு சுற்றுக்கு 1.06 மி.மீ. நீளும், 32 என்றால் 0.79, 40 என்றால் 0.64. லிஃப்டரை 0.100 அங்குலம், அதாவது இரண்டரை மி.மீ. அமுக்க வேண்டுமென்றால் முதலாவதில் 2.4 சுற்று, இரண்டாவதில் 3.2, மூன்றாவதில்தான் நான்கு.

சுற்றி முடித்ததும் லாக் நட்டை இறுக்கிவிட்டுக் காத்திருங்கள். லிஃப்டருக்குள் இருக்கும் ஆயில் மெதுவாகக் கசிந்து வெளியேற வேண்டும். அதுவரை வால்வ் கொஞ்சம் திறந்தே நிற்கும். புஷ்ராட் விரலால் சுழலும் வரை என்ஜினைச் சுற்றவே கூடாது. பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். அதற்குப் பிறகு அடுத்த சிலிண்டர்.

படி 9: ஸ்டார்ட் செய்வது, டியூன் செய்வது

பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாக ஓட்டி ஆயில் பிரஷர் ஏறட்டும். பிளக் போட்டு ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் டிக் டிக் ஓசை வந்தால் பயப்பட வேண்டாம், லிஃப்டரில் ஆயில் நிரம்புகிறது. புதுக் கேமை இருபது நிமிடம் 2,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டிப் பழக்க வேண்டும் என்ற அறிவுரை பழைய தட்டை லிஃப்டர் கார் என்ஜின்களுக்கானது. இங்கே இருப்பது ரோலர் லிஃப்டர். ஏர்கூல்டு என்ஜினை நின்ற இடத்தில் இருபது நிமிடம் ஓட்டினால் சூடுதான் மிஞ்சும்.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் மேப் (எவ்வளவு எரிபொருள் விட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அட்டவணை) மாற்றாமல் பயணம் கிளம்பாதீர்கள். இன்டேக் குழாயில் உள்ள அழுத்தத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் காற்றின் அளவைக் கணிக்கிறது. கேம் மாறினால் அதே அழுத்தத்தில் உள்ளே போகும் காற்று வேறு. பழைய அட்டவணை பொய் சொல்லும். அந்த கேமுக்கென்று கிடைக்கும் மேப்பை ஏற்றி, அதிலிருந்து டைனோவில் டியூன் செய்துகொள்ளுங்கள். டியூனரிடம் 5,000 ஆர்.பி.எம். எண்ணைக் கேட்பதற்குப் பதில், 2,000 முதல் 3,500 வரை பாதி த்ராட்டிலில் நேரம் செலவிடச் சொல்லுங்கள். உங்கள் பயணம் அந்தக் கட்டங்களில்தான் ஓடுகிறது.

முதல் 800 கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் மெல்லிய பொடி ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். ஊசி மாதிரியோ செதில் மாதிரியோ ஏதாவது தட்டுப்பட்டால், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் கேம் கவரை மறுபடி திறக்க வேண்டும்.